பிடி நடந்தால் வரப்பு

நம் ஊரின் முதல் சர்வேயர் வாமனன்தான். ஆள் குள்ளம், கேட்டது மூன்றடி. மாவலி தாரை வார்க்கும்வரை ஓர் அளவு, வார்த்த மறுகணம் வேறு அளவு. சமயம் பார்த்து அளவுகோல் நீளும் என்ற தொழில் ரகசியம் அன்றே அம்பலமாகிவிட்டது. மூன்றாவது அடியைத் தலையிலேயே வைத்துவிட்டதால், அப்பீல் செய்ய மாவலியால் நிமிரக்கூட முடியவில்லை.

சோழர்களுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கி.பி. 1001 வாக்கில் ராஜராஜன் நாட்டை அளந்தபோது, அந்த வேலையைப் பார்த்த அதிகாரிக்குப் பட்டமே ‘உலகளந்தான்’. கோலின் நீளம் 16 சாண். யாருடைய சாண் என்று கேட்பவன் வரி கட்டாதவனாகத்தான் இருப்பான். 1086இல் மறுபடி அளக்கவந்த முதலாம் குலோத்துங்கன் கோலுக்கு எங்கும் அலையவில்லை; தன் பாதத்தையே அளவாக்கிவிட்டான். அதே வருஷம் இங்கிலாந்தில் வில்லியம் மன்னரின் ஆட்கள் வயலோடு மாட்டையும் பன்றியையும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிரகநிலை அப்படி.

கணக்கில் சோழனை மிஞ்ச ஆளில்லை. ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறுவரை எழுதிவைத்திருக்கிறது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. வேலி என்பது இன்றைய கணக்கில் 6.67 ஏக்கர். வகுத்துப் பார்த்தேன்: அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. கடுகு உட்கார இடம் போதாது. அதற்கும் வரி உண்டு.

சரி, இவ்வளவு துல்லியமானவர்கள் தானம் கொடுத்த ஊருக்கு எல்லையை எப்படிக் குறித்தார்கள்? பெண் யானையை நடக்கவிட்டு.

விளையாட்டில்லை. ‘பிடி சூழ்தல்’ என்று செப்பேடுகள் பெருமையாகவே சொல்கின்றன. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு எழுதிக்கொடுத்த ஊருக்கும் இதே முறைதான். ஊர்ப் பெயரும் ஆனைமங்கலம்! பிடி முன்னே நடக்கும். நாட்டாரும் அதிகாரிகளும் பயபக்தியோடு பின்னே போவார்கள். அரை சதுர மில்லிமீட்டருக்குக் கணக்கு வைத்த ராஜ்ஜியத்தில் எல்லைக்கோட்டைப் போட்டது, ஓரடிக்கு மேல் அகலமுள்ள நான்கு பாதங்கள். வழியில் கரும்புத் தோட்டம் இருந்தால் ஊர் எந்தப் பக்கம் பெருத்திருக்கும் என்பதைப் பாகனிடம்தான் கேட்க வேண்டும்.

யானை போன தடத்தில் கல் நட்டு, கூடவே கள்ளியும் வைத்தார்கள். இதில் மட்டும் சோழனை மெச்சுகிறேன். கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திவிட்டு விடிந்ததும் ஒன்றும் தெரியாதவன்போல் பல் துலக்கலாம். கள்ளியைப் பிடுங்கினால் பால் தெறிக்கும். அது கண்ணில் பட்டால் போதும். காலையில் பஞ்சாயத்துக்கு எவன் கண் வீங்கி வருகிறானோ அவன்தான் குற்றவாளி.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். யானையை நம்பவில்லை, பித்தளையை நம்பினார்கள். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் அடிக்கோடு அளந்த எஃகுச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாகப் போய், அவர் வேண்டாமென்று திருப்பிவிட்ட சரக்கு. கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் கனம். அதுவோ வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் பார்த்துவிட்டு வந்தது.

தஞ்சாவூர்ச் சமவெளியில் ஏறி நின்று பார்க்க மேடு ஏது? கண்ணில் பட்டது பெரிய கோயில் கோபுரம். 1808இல் அரை டன்னையும் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி கோயிலின்மேல் மோதி, அதன் பித்தளை வட்டம் கோணிக்கொண்டது. எட்டு நூற்றாண்டாக நிலக்கணக்கைச் சுமந்துகொண்டிருந்த கோயிலுக்கு, புதிதாக ஒருவன் அளக்கவந்தது பிடிக்கவில்லை போலும்.

லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. ஆப்பு, திருகாணி, கப்பி எல்லாம் வைத்து ஆறு வாரம் இழுத்து இழுத்து வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். கயிற்றை நம்பியதற்குப் பதில், அந்த ஊரில் இந்தத் துறையில் முன்னனுபவம் உள்ள ஒரு பிடியைக் கூப்பிட்டிருக்கலாம்.