வெள்ள வரைபடம் புதுப்பிப்பது எப்படி? சப்பாத்தில் சேறு படாமல் முடிக்க ஒரு கையேடு

வெள்ள அபாய வரைபடத்தைப் புதுப்பித்துக் கணினியில் ஏற்றித் தர ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? நீங்கள் மாநில அலுவலகத்தில் இருக்கலாம், நகராண்மைக் கழகத்தில் இருக்கலாம், தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்றப்போகும் கம்பெனியின் திட்டப் பிரிவிலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் கவலை வேண்டாம். யார் மனமும் கோணாமல், எந்த நிலத்தின் விலையும் இறங்காமல், உங்கள் சப்பாத்தில் சேறு படாமல் இந்த வேலையை முடித்துவிடலாம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு வெள்ளம் வரட்டும்

வெயில் காயும் ஆண்டில் வெள்ள வரைபடத்துக்குப் பணம் கேட்டால் கூட்டத்தில் சிரிப்பார்கள். நம் நாட்டு வழக்கமே முதலில் வெள்ளம், பிறகு கோப்பு என்பதுதான். வடிகால் நீர்ப்பாசனத் துறை தொடங்கியது 1932இல். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகு, 1972இல்தான் வெள்ளத் தணிப்பு அதன் பொறுப்பில் வந்து சேர்ந்தது. ஆகவே பொறுமையாக இருங்கள்.

2021 டிசம்பர் நடுவில் பெய்த மழை சிலாங்கூரையும் பகாங்கையும் புரட்டிப் போட்டது. நெகிரி செம்பிலானையும் விடவில்லை. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளங்களின் இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளுக்கு நேர்ந்தது மட்டும் 160 கோடி. இப்படி ஓர் எண் கையில் இருக்கும்போது கோப்பை நகர்த்தினால் கையெழுத்து தானாக விழும்.

கோலாலம்பூரில் அப்போது கொட்டியது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று சுற்றுச்சூழல், நீர்வள அமைச்சின் தலைமைச் செயலாளர் விளக்கம் தந்தார். பொறியியலில் அதற்குப் பொருள், ஒவ்வோர் ஆண்டும் ஒரு விழுக்காடு வாய்ப்பு என்பது. பொதுமக்கள் காதில் அது 'இனி 2121இல் பார்த்துக்கொள்ளலாம்' என்று விழும். விழட்டும், திருத்தாதீர்கள். முப்பது ஆண்டுத் தவணையில் வீடு வாங்கியவர், கடன் தீர்வதற்குள் அப்படியொரு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 26 விழுக்காடு வாய்ப்புண்டு. ஏறக்குறைய நாலில் ஒன்று. இந்தக் கணக்கை வீடு விற்பவர் முன்னால் போட்டுக் காட்டுவது நாகரிகம் அல்ல.

2. டெண்டரில் வேலையை 'கணினிமயமாக்கம்' என்று மட்டும் எழுதுங்கள்

அலமாரியில் இருக்கும் பழைய தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்து, நீல நிறம் தீட்டி, பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்க வைத்தால் கணினிமயமாக்கம் முடிந்தது. உள்ளே இருக்கும் ஆறு பழைய ஆறாகவே இருக்கலாம். ஆற்றை மீண்டும் அளக்க வேண்டும் என்று மட்டும் டெண்டரில் எழுதிவிடாதீர்கள். செலவு அங்கேதான் இருக்கிறது.

இதற்கு உலக முன்மாதிரியே உண்டு. அமெரிக்கா 2003 முதல் 2008 வரை நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தன் வெள்ள வரைபடங்களைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றியது. படம் புதிது, உள்ளிருக்கும் அளவு பழையது என்ற குறை எழ, பாதி வழியில் திட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். 2009இல் அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றம், வரைபடத்தின் துல்லியத்தை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது நிலத்தின் உயர அளவுதான் என்று அறிக்கை எழுதியது. அந்த அறிக்கை உங்கள் கண்ணில் படவில்லை என்றே இருக்கட்டும்.

நம்மிடம் அதைவிட வசதியான பொருள் இருக்கிறது. நில அளவை, வரைபடத் துறையின் 1:50,000 தாளில் சம உயரக் கோடு இருபது மீட்டருக்கு ஒன்று. லிங்கி ஆற்றுக் கரையில் ஒரு லயம் மூழ்க இரண்டு மீட்டர் தண்ணீர் போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு தோட்டத்தின் மொத்த வெள்ளத்தையும் கமுக்கமாக ஒளித்து வைத்துவிடலாம்.

3. ஆளைப் பார்த்து எடுங்கள், விலையைப் பார்த்துக் கொடுங்கள்

1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற பொறியாளர்தான் இந்த வேலைக்குக் கையெழுத்திட முடியும். ஆகவே தொழில்நுட்ப உறையில் பெரிய பெயர்களாக இருக்கும்: நீரியல் முனைவர், முப்பது ஆண்டு அனுபவசாலி, வெளிநாட்டு ஆலோசகர். அசந்துபோய் முழு மதிப்பெண் போடுங்கள். பிறகு விலை உறையைத் திறந்து, ஆகக் குறைந்த தொகைக்கு வேலையைக் கொடுங்கள். தொகை குறையும்போது எது கழிபடும் என்று கேட்காதீர்கள். முனைவரின் பெயர் அறிக்கையில் அப்படியே நிற்கும். ஆற்றுக்குள் இறங்கி அளக்க வேண்டிய ஆள்தான் கழிபடுவார்.

நூறு மீட்டருக்கு ஒன்றாக எடுக்க வேண்டிய ஆற்றுக் குறுக்குவெட்டு, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகும். தோட்டத்து மண் சாலைக்கு அடியில் பதித்த சிமெண்டுக் குழாயை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதன் வாயில் நாலைந்து காய்ந்த செம்பனை மட்டை குறுக்கே விழுந்து, அவற்றின் மேல் சருகும் உரப் பையும் வண்டலும் ஏறி, முக்கால் பங்கு அடைத்துக் கிடக்கும். மிச்சமிருக்கும் கால்வாசி ஓட்டையில்தான் மேட்டுத் தீம்பாரின் மழை முழுவதும் வடிந்தாக வேண்டும். கணினி மாதிரியில் அதே குழாய் கழுவித் துடைத்ததுபோல் முழு வட்டமாக இருக்கும். திரையில் தண்ணீர் ஒரு நிமிடம்கூடத் தேங்காது.

கள ஆய்வு ஒருமுறை போதும். அதையும் மழை ஓய்ந்த மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

4. உயரத்தை வானத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள்

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடார் மூலம் நில உயரங்களைப் பதிவு செய்தது. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே ஒரு சங்கடம்: அந்த ராடார் கதிர் அடர்ந்த தோப்பில் தரை வரை இறங்காமல் பெரும்பாலும் இலைக்கூரையிலேயே திரும்பிவிடும். முதிர்ந்த செம்பனைத் தோட்டம் அதன் கணக்கில் ஒரு மேடு. பள்ளத்துத் தீம்பார் முழுவதும் பத்து மீட்டர் உயர்ந்து நிற்கும். தண்ணீர் பக்கத்தில் எட்டிக்கூடப் பார்க்காது. இருபத்தைந்து ஆண்டு முடிந்து, மரத்தை வெட்டி மறுநடவு செய்யும்போது மேடு காணாமல் போகும். வரைபடத்தில் மட்டும் நிலைத்து நிற்கும்.

விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளக்கும் லிடார் முறையும் உண்டு. கோடிக்கணக்கில் பாயும் கதிர்களில் சில மட்டை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்புவதால் உண்மையான தரைமட்டம் கிடைத்துவிடும். ஆனால் பணம் செலவாகும்; நுண்ணிய நிலத் தரவுக்குப் பாதுகாப்பு அனுமதி வாங்க நாளும் ஆகும். அதனால், "இப்போதைக்கு இலவசத் தரவு, அடுத்த கட்டத்தில் லிடார்" என்று குறிப்பு எழுதிவிடுங்கள். அடுத்த கட்டம் வருவதற்குள் உங்களுக்கு மாற்றல் வந்துவிடும்.

5. எல்லைக் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

பகாவ் பக்கம் ஜெம்போல் ஆறும் செர்திங் ஆறும் சில நூறு மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. ஜெம்போல் மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்திங் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. அந்தக் காலத்து வணிகர்கள் படகைத் தரையில் இழுத்தே ஓர் ஆற்றிலிருந்து மறு ஆற்றுக்குப் போனார்கள். பெனாரிக்கான் என்ற வழி அதுதான். நிலம் அவ்வளவு சமதளம்.

உங்களுக்கு இது ஒரு வரம். மூவார் படுகையை ஒரு நிறுவனத்துக்கும் பகாங் படுகையை இன்னொரு நிறுவனத்துக்கும் கொடுங்கள். நடுவில் இருக்கும் தோட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது இருவருக்குமே அடுத்தவர் வேலை. மூவார் ஆறு கிம்மாஸ் தாண்டினால் ஜொகூர். லிங்கியின் மறுகரை மலாக்கா. மாநில எல்லை வந்ததும் நீல நிறத்தை நிறுத்திவிடச் சொல்லுங்கள். வெள்ளம் எல்லையை மீறினால் அது வெள்ளத்தின் ஒழுங்கீனம்.

6. கிராணியாரிடமும் கிழவிகளிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்

தோட்டங்களில் மழைமானி வைத்துக் காலைதோறும் அளவெடுத்து எழுதும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பெரட்டுக் களத்தில் அந்த எண்ணை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர் யாருமில்லை. 'மஸ்மா' எனப்படும் வடிகால் கையேட்டின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலும், நெகிரி செம்பிலானின் மழை நிலையங்களில் ஒன்றாக நியூ ரொம்பின் தோட்டம் இருக்கிறது. பொறியாளர் கணினியில் போடும் மழைக்கு அடியில் யாரோ ஒரு கிராணியாரின் கையெழுத்து கிடக்கிறது.

ஆகவே பழைய பதிவேடு எங்கே என்று தேடப் போகாதீர்கள். தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் அறையைக் காலி செய்து எதையெல்லாம் எரித்தார்கள் என்ற கதை கிளம்பும். லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பார்த்தால் இன்னும் வேகமாக நடங்கள். நின்றால் அவர், "ஆயாக்கொட்டகை திண்ணை வரைக்கும் தண்ணி ஏறிச்சு தம்பி, மங்கெல்லாம் மெதந்துகிட்டுப் போச்சு. அந்தா பாரு செவுத்துல கோடு" என்று காட்டிவிடுவார். அந்தக் கோட்டின் உயரத்தை அளந்தால், நிறுவனம் தந்த கணினி மாதிரி சரியா தவறா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துபோகும். எதற்கு வம்பு?

7. நிலம் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே காட்டுங்கள்

நீலாய், லாபு, செண்டாயான் பக்கமெல்லாம் கித்தாவும் செம்பனையும் நின்ற இடங்களில் தாமான்கள் எழுந்துவிட்டன. தோட்ட மண் குடித்த மழையைக் கூரையும் தார்ச் சாலையும் குடிக்காது. ஒரே ஓட்டமாகக் கால்வாய்க்கு அனுப்பிவிடும். அதனால்தான், வீடு கட்டிய பின் வெளியேறும் உச்ச நீரளவு கட்டுவதற்கு முன்பிருந்ததைத் தாண்டக் கூடாது, தடுப்புக்குளம் வெட்டு என்கிறது மஸ்மா. நீங்கள் பழைய நிலப்பயன்பாட்டுத் தாளையே நிறுவனத்திடம் கொடுங்கள். தாளில் தாமானே இல்லாதபோது தாமானால் வெள்ளம் எப்படி வரும்?

மூழ்கும் வீடுகளை எண்ணும்போது மதிப்பீட்டு வரிப் பட்டியலை வைத்து எண்ணச் சொல்லுங்கள். லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. நாற்பது ஆண்டு அதில் வாழ்ந்தவர் பெயரில் வரிச் சீட்டு வராது. சீட்டு இல்லாத வீடு எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கையில் இல்லாத வீட்டுக்கு இழப்பு சுழியம்.

8. ஒப்படைப்பு விழாவைச் சிறப்பாக நடத்துங்கள்

போர்ட்டிக்சனில் கடல் பார்த்த ஹோட்டல் பொருத்தமாக இருக்கும். கெட்டி அட்டை போட்ட அறிக்கை, வண்ணப் படங்கள், ஒரு பென்டிரைவ். மாதிரி எந்த மென்பொருளில் ஓடியது என்பதை அடிக்கடி உச்சரிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹெக்-ராஸ் இலவசமாகவே கிடைக்கும் என்ற பேச்சைத் தேநீர் இடைவேளை வரை தள்ளிப்போடுங்கள். மூல அளவைகளையும் மாதிரிக் கோப்புகளையும் கேட்டு வாங்காதீர்கள். அவை நிறுவனத்திடமே இருந்தால்தான், அடுத்த முறையும் அவர்களிடமே போய் முதலிலிருந்து பணம் கட்ட முடியும்.

செய்யவே கூடாத தவறுகள்

சிலர் ஆர்வக்கோளாறில் கீழ்க்கண்டவற்றைச் செய்து காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கையாக இருங்கள்.

கள அளவைக்குத் தனித் தொகை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது. மூல அளவை, மாதிரிக் கோப்பு அனைத்தும் வேலை கொடுத்தவருக்கே சொந்தம் என்று சேர்ப்பது. 2021இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவர்க் கோடுகளில் அளந்து, அதே மழையை மாதிரியில் ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்துவரும் வரை கடைசித் தவணையைப் பிடித்து வைப்பது. அந்தச் சோதனையை வேறொரு பொறியாளரிடம் கொடுப்பது. தோட்டத்து ஆள் ஒருவரை நாள்கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போவது. ஒவ்வொரு முறை தோட்டம் தாமானாக மாற அனுமதி கொடுக்கும்போதும் வரைபடத்தையும் மாற்ற வேண்டும் என்று விதி வைப்பது.

இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு, நில எண்ணைத் தட்டினால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எவரும் பார்க்கும்படி வரைபடத்தைத் திறந்துவிடுவது. அப்புறம் வீடு வாங்க வருபவர் விலையைக் கேட்பதற்கு முன் ஆழத்தைக் கேட்பார். விற்பவர் தடுப்புக்குளத்தை உண்மையிலேயே வெட்டுவார். லயத்து ஜனங்கள் தங்களை மேட்டுக்கு மாற்றச் சொல்லி, உங்கள் வரைபடத்தையே மடித்து எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு இந்தக் கையேட்டில் வழி இல்லை.