வால் பார்த்துப் பெயர் வைக்கும் எடிட்டர்

எழில் மொழியில் நிரல் எழுதி ‘.என்’ என்று சேமித்தால், விஎஸ் கோடு அதை வெறும் உரைக் கோப்பு என்கிறதே, தமிழ் மீது என்ன கோபம்?
*(கணினி ஆசிரியை, மரக்காணம்)*

கோபமில்லை, அறிமுகமில்லை. மரக்காணம் உப்பளக்கரையில் சொல்லியா தெரிய வேண்டும்? உப்பா சர்க்கரையா என்று எடிட்டர் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை; டப்பாவில் ஒட்டிய சீட்டைத்தான் படிக்கும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழிலின் எக்ஸ்டென்ஷனான ‘.என்’, எடிட்டரின் பட்டியலிலேயே இல்லை. போதாக்குறைக்கு, போலந்தில் பிறந்த நெமெர்லே மொழிக்கும் அதே ‘.என்’தான்!

கீழே வலது மூலையில் ‘ப்ளெயின் டெக்ஸ்ட்’ என்றிருப்பதைச் சொடுக்கி, இந்த எக்ஸ்டென்ஷனைப் பைத்தானோடு இணைத்துவிடலாம். எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான். மேற்கோளுக்குள் இருப்பதற்கும் எண்களுக்கும் நிறம் வரும். ‘பதிப்பி’, ‘முடி’ எல்லாம் நிறமில்லாமல்தான் நிற்கும். அவற்றுக்கு எழிலுக்கென்றே இலக்கணக் கோப்பு எழுத வேண்டும். வகுப்புக்கு நல்ல வீட்டுப்பாடம்.

இணைத்த பிறகும் ஒரு மாணவரின் கோப்பு மட்டும் அடம்பிடிக்கிறதே?

அவர் நோட்பேடில் சேமித்தாரா? அப்படியானால் ‘வணக்கம்.என்’ பின்னால் ஒரு ‘.டிஎக்ஸ்டி’ ஒளிந்திருக்கும். தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைப்பது விண்டோஸின் பழைய பழக்கம்.

ஆக்டேவ் நிரல்மொழிக் கோப்பை விஎஸ் கோடில் திறந்தால் ஆப்ஜெக்டிவ்-சி என்கிறதே, ஆள்மாறாட்டமா?

இரண்டுக்கும் ‘.எம்’. மேட்லேபும் அதே முகவரியில்தான் குடியிருக்கிறது. தபால்காரர் முதல் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இங்கேயும் அதே வலது மூலைதான். ஆக்டேவுக்கோ மேட்லேபுக்கோ உரிய நீட்சியை மட்டும் முதலில் நிறுவ வேண்டும்.