இவ்வளவு தூரம் வந்தாச்சு

கோவையில் எந்த நண்பர் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தலைகாட்டி, "நாளைக்குப் பாலக்காடு வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாமா?" என்று வெகுளியாகக் கேட்பார். பாலக்காடு 50 கிலோமீட்டர் சொச்சம். ஒரு டீக்கு நியாயமான தூரம்தான் என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள்தான் மறுநாள் இரவு போடிமெட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ரைடு தலைவர் என்று இவரைச் சொல்லலாம். யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. புல்லட் இருக்கிறது, முழங்கால் கவசம் இருக்கிறது, போதாதா? காலை நாலரைக்குப் புறப்பாடு என்று அறிவிப்பார். குழுவில் இருபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். ஏழு மணிக்கு நாலு பேர் வந்து சேர்வார்கள். கடைசியாக வருபவர் தலைவர். "செயினுக்கு ஆயில் போட்டுட்டு இருந்தேன் மச்சி."

வாளையாறு வரை பின்சீட்டுக்காரரின் ஹெல்மெட் கையில்தான் தொங்கும். எல்லை நெருங்கியதும், "தலையில மாட்டு, கேமரா!" என்று அலறுவார். 2023 ஜூனில் கேரளம் சாலைகளில் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது அவருக்கு மனப்பாடம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் என்பது தமிழ்நாட்டிலும் சட்டம்தான் என்றால் மட்டும் காது கேட்காது.

ஆடி மாதமாக இருந்தால் வண்டி முக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகக் கோவைக்கு வருகிறது, நாம் அதற்கு எதிரே போகிறோம். தலைவர் இதை ஏற்க மாட்டார். உங்கள் வண்டியின் ஏர் ஃபில்டரைக் குறை சொல்வார்.

பாலக்காட்டில் டீ குடித்தாகிவிட்டது. இங்கேதான் அவருடைய தத்துவம் வேலை செய்யத் தொடங்கும்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொல்லங்கோடு வயலைப் பார்க்காம போறதா?" கொல்லங்கோட்டில், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பரம்பிக்குளம்?" வந்த தூரமே இனிப் போகும் தூரத்துக்குக் காரணம் என்பதற்கு எதிராக இதுவரை யாரும் வாதாடி வென்றதில்லை.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் என்பது அவருக்குத் தெரியும். பைக்குக்கு அனுமதி இல்லை என்பது தெரியாது. சோதனைச்சாவடியில் தடுத்தால், "நான் பேசிக்கிறேன்" என்று இறங்குவார். சினிமா பார்த்துக் கற்ற மலையாளத்தில், "சேட்டா, ஒரு மினிட்டு..." என்று ஆரம்பிப்பார். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு காவலர், "எனக்கு ஆனமலைதானுங்க. வண்டியத் திருப்புங்க" என்பார்.

திருப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறீர்களே, அதுதான் இல்லை. உடுமலை பக்கத்தில்தான். அங்கிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. 80 கிலோமீட்டருக்கு மேல். "இன்னும் பத்தே கிலோமீட்டர்" என்பார். முதுகு வலிக்கிறது என்று யாராவது முனகினால், அமெரிக்காவில் 24 மணி நேரத்தில் 1000 மைல் ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கம் இருப்பதைச் சொல்லி வாயடைப்பார். சின்னாறு மழைமறைவுக் காடு, முள்ளும் பாறையுமாக அபாரமான இடம். அதை ஒரே மூச்சில் கடந்துவிடுவார். நிறுத்தக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில் மட்டும் நின்று போட்டோ எடுப்பார்.

மறையூரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்தைப் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் வீட்டிலிருந்து போன் வரும்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

"பாலக்காடு தாண்டிட்டேன் கண்ணு."

இதில் ஒரு சொல்லாவது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

மூணாறு சாலைகளில் உலாவும் கொம்பன் இல்லாமல் இவர் கதை முடியாது. ரஜினி படப் பெயரால் 'படையப்பா' என்று ஊரே அழைக்கும் காட்டு யானை அது. முதலில் கேட்டபோது யானை இருநூறு மீட்டர் தள்ளி நின்றது. அடுத்த ரைடில் இருபது மீட்டர். இப்போது தும்பிக்கை இவருடைய கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறது.

இருட்டிய பிறகு சின்னாறு காட்டில் பைக்கை விடமாட்டார்கள் என்பது மூணாற்றில்தான் நினைவுக்கு வரும். வேறு வழி? தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு; அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடி. டீ குடிக்கக் கிளம்பியவர்கள் ஒரே நாளில் நான்காவது முறையாக மாநில எல்லையைத் தாண்டியிருப்பார்கள். கோவைக்கு இன்னும் 200 கிலோமீட்டர் போல இருக்கும். அப்போதும் அவர் தேனிச் சாலையைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கம்பம் பக்கம்தானே?" என்பார்.

எல்லாரும் திட்டுகிறோம். ஆனால் இவர் இல்லாவிட்டால் நாங்கள் டீயை ஆர்.எஸ்.புரத்திலேயே குடித்திருப்போம் என்பதும் உண்மை.

உங்களையும் கூப்பிடுவார், போய் வாருங்கள். உடுமலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். சின்னாறு காட்டுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. பத்தே கிலோமீட்டரில் ஒன்று இருப்பதாக அவர் சொல்வார்.