அழுக்கு காட்டும் தரம்: வெப் புரோகிராமிங் பாலபாடங்கள் பற்றி ஒரு மூலக்கொத்தள ஆய்வு

1. நோக்கம்

காசிமேட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிறோம். முதன்முதலாக வெப் புரோகிராமிங் படிக்கப் போகிறவன் புத்தகத்தில் எதைத் தூக்கி, எதை ஒடித்துப் பார்ப்பது என்று மட்டும் எவரும் சொல்லி வைக்கவில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு. நிதியுதவி: எவருமில்லை. நெறியாளர்: நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பதின்மூன்றாம் நூற்றாண்டு. அவரிடம் முன் அனுமதி பெற இயலவில்லை.

2. களம்

1758-59 பிரெஞ்சு முற்றுகையில் பாடம் கற்ற ஆங்கிலேயர், பின்னர் சென்னையின் கருப்பர் நகரத்துக்கு மதில் எழுப்பினர். பீரங்கி வைக்க மதிலில் புடைத்து நிற்கும் இடம் கொத்தளம். இன்று பீரங்கியும் இல்லை, மதிலும் பெரும்பாலும் இல்லை. மூலக்கொத்தளம் என்ற நம் ஊர்ப்பெயரில் கொத்தளம் மட்டும் நிற்கிறது. மதிற்செலவுக்கு விதிக்க நினைத்த வரி வசூலாகவே இல்லை. ஆயினும் பக்கத்துச் சாலை பேச்சில் இன்றும் வால்டாக்ஸ் ரோடுதான். பொருள் போனபின்னும் பெயர் நிற்கும் இவ்விந்தையை வாசகர் நினைவில் வைக்கவும். நான்காம் பகுதியில் தேவைப்படும்.

ஆய்வுக்கூடம், தெருமுனையில் உள்ள ஒரு பழைய பேப்பர் கடை. சென்டிரல் அருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கே புத்தகத்தைத் துடைத்து அடுக்கிவிடுகிறார்கள். துடைத்தால் தரவு போச்சு.

3. முறை: அழுக்குமானி

புத்தகத்தை மூடி, முதுகுக்கு எதிர்ப்புற விளிம்பைப் பார்க்க வேண்டும். விரல் பட்ட தாள்கள் பழுப்பாகவும் படாதவை வெள்ளையாகவும் இருக்கும். பழுப்பு எங்கே முடிகிறதோ, அங்கே படிப்பு முடிந்தது.

சான்றாக ஒன்று. 24 மணி நேரத்தில் எல்லாம் கற்றுத் தருவதாக அட்டையில் வாக்களித்த, எழுநூறு பக்கத் தடியன். 31ஆம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம். 40 வரை ஸ்கேல் வைத்து அடிக்கோடு. அதன்பின் ஸ்கேல் இல்லாமல். 58இல் பென்சிலால் ஒரே ஒரு சொல் (முடிவு காண்க). 59 முதல் கடைசிப் பக்கம் வரை சலவை வேட்டி. பின்னட்டை உறையில் சிடி, ஒட்டு பிரியாமல்.

"தடியா இருக்கிற புக்கைத்தான் சார் எல்லாரும் வாங்கறாங்க," என்றார் கடைக்காரர். "தடியா இருக்கிறதுதான் மொதல்ல எடைக்கும் வருது." ஆய்வுலகம் இதை விதியாகவே ஏற்கலாம்.

4. குற்றங்கள்

நூலுக்குப் பத்துக் குற்றம் என்று வகுத்தவர் பவணந்தியார். அவர் மனத்தில் இருந்தது வெப் புரோகிராமிங்தானோ என்று ஐயுற இடமுண்டு.

குன்றக்கூறல்: மேற்படி 59ஆம் பக்கம், 'மீதியை நீங்களே எளிதாக எழுதிவிடலாம்' என்று தொடங்குகிறது. எழுதத் தெரிந்தவன் ஏன் புத்தகம் வாங்கினான்?

மிகைபடக்கூறல்: அட்டையின் 24 மணி நேரம். பீட்டர் நார்விக் என்ற கணினி அறிஞர் 2001இல் இத்தகைய வாக்குறுதிகளைக் கிண்டல் செய்து, பத்து ஆண்டில் புரோகிராமிங் கற்பது எப்படி என்று கட்டுரையே எழுதினார்.

மற்றொன்று விரித்தல்: பக்கத்தில் ஒரு பட்டன் வைக்க வந்தவனை இணையத்தின் முன்னோடியான 1969 அர்ப்பாநெட்டுக்கு அழைத்துப்போய் முப்பது பக்கம் உட்காரவைப்பது.

மாறுகொளக்கூறல்: மூன்றாம் பாடத்தில் 'ஃபான்ட்' டேகைக் கற்பித்து, ஒன்பதாம் பாடத்தில் அதைத் தொடாதே என்பது. 1997இல் எச்டிஎம்எல் 4 வந்தபோதே ஒதுக்கச் சொன்ன டேக் அது. புத்தகங்களில் இன்னும் வால்டாக்ஸ் ரோடாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நின்றுபயனின்மை: பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளைப் பிஎச்பி 7 வந்த 2015 டிசம்பரோடு எடுத்தாயிற்று. அவற்றை நம்பிய பாடத்தை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் திரையில் பிழைதான் வரும். பையன் தன்னைத்தான் திட்டிக்கொள்வான்.

சென்றுதேய்ந்திறுதல்: முதல் பாடத்தில் கைப்பிடித்து நடத்தி, கடைசிப் பாடத்தில் இரண்டே பக்கத்தில் முழுக்கடையும் கட்டச் சொல்வது. அழுக்குமானியில் இக்குற்றம் கண்ணாலேயே தெரிகிறது: விளிம்புப் பழுப்பு சென்று, தேய்ந்து, இறுகிறது.

எஞ்சிய நான்கையும் இடச்சுருக்கம் கருதி விடுகிறோம். விடாவிட்டால் கூறியது கூறல் வந்துவிடும்.

5. கொத்தளத் தேர்வு

'மூலக்கொத்தளம்' எத்தனை எழுத்து? மூ, ல, க், கொ, த், த, ள, ம்: எட்டு. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 13. பிஎச்பியின் ஸ்டிரிங் லென் 39 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. முன்னது மூன்று புள்ளிகளையும், ஊகார, ஒகரக் குறிகளையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது; பின்னது யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுகிறது, தலைக்கு மூன்று. விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயருக்குப் பத்தே இடம் என்று வைத்தால், நம்மூர் 'மூலக்கொத்த'வோடு நின்றுவிடும். 'ளம்' தெருவில்.

இந்த எட்டும் பதின்மூன்றும் ஏன் என்று ஒரு பக்கமாவது சொல்லும் புத்தகம் நல்ல புத்தகம். உலகமே இருபத்தாறு எழுத்து என்று நினைப்பது வேறு ஊருக்கு.

6. எல்லைகள்

கணியம் இணையத்தில் வெளியிடும் 'எளிய தமிழில்' வரிசை போன்ற மின்னூல்களை அழுக்குமானியால் அளக்க முடியவில்லை. அவை எடைக்கும் வருவதில்லை.

7. முடிவு

பழுப்பு நின்ற இடத்தில் வாசகனின் மூளை நின்றதாகவே கடையில் பேச்சு. இவ்வாய்வு அதை மறுக்கிறது: ஐம்பத்தெட்டுப் பக்கம் டீ கிளாஸும் ஸ்கேலுமாக உட்கார்ந்தவன் சோம்பேறி அல்லன். ஐம்பத்தொன்பதில் புத்தகம்தான் எழுந்து போய்விட்டது.

58ஆம் பக்கத்துப் பென்சில் சொல்: 'நாளைக்கு'. அட்டை கேட்டதும் 24 மணி நேரம்தான்.