சித்தப்பா, ஸ்பெயின்ல இருந்து என்ன வாங்கிட்டு வந்தீங்க?

கே: மாட்ரிட், பார்சிலோனா போகிறேன். வீட்டில் ஏழெட்டு வாண்டுகள். சில யூரோவில் ஆளுக்கொரு பரிசு முடியுமா? (ஈரோடு வாசகர்)

ப: ஸ்பானியச் சீட்டுக்கட்டு வாங்குங்கள். ஆட்டின், டைமன் எதுவும் அதில் கிடையாது. தங்கக் காசு, கோப்பை, வாள், தடி என நான்கு இனம். ராணிக்கும் இடமில்லை, அங்கே குதிரைவீரன் உட்கார்ந்திருப்பான். விட்டோரியா நகரின் ஃபோர்னியர் கம்பெனிக் கட்டு என்றால் நல்லது. 1868-இலிருந்து இதே வேலை. பிள்ளைகளுக்கு ஒரு ரகசியம் சொல்லிக் கொடுங்கள். சீட்டின் விளிம்பில் ஓடும் கோட்டைப் பாருங்கள். அறுபடாமல் இருந்தால் காசு, ஓரிடத்தில் அறுந்தால் கோப்பை, இரண்டு என்றால் வாள், மூன்று என்றால் தடி. முழுச் சீட்டையும் விரிக்காமலே கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைக் கற்றுக்கொண்ட வாண்டு அடுத்த கட்டு கேட்காது, பந்தயம் கேட்கும்.

கே: அக்கா மகன் பார்சிலோனா ஜெர்சி கேட்கிறான். நடைபாதையில் மலிவாமே? (திருப்பூர் வாசகர்)

ப: கிளப் கடையில் அசல் நூறு யூரோவைத் தொடும். நடைபாதையில் துணி விரித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி விற்கிறார்களே, அது போலி. போலீஸ் தலை தெரிந்தால் கயிற்றை ஒரு இழு. கடை முதுகில் ஏறிவிடும். அந்தச் சட்டையைத் திருப்பூர்க்காரர் யூரோ கொடுத்து வாங்குவதாவது! கிளப் கடையிலேயே கீ செயின் பாருங்கள். முத்திரை அசல், பையனும் அசலாகவே பீற்றிக்கொள்ளலாம்.

கே: அகல விளிம்பு வைத்த அந்த சோம்ப்ரேரோ தொப்பி? (வேலூர் வாசகி)

ப: அது மெக்சிகோ. கடைக்காரருக்கும் தெரியும்.

கே: கறுப்புக் காளை போட்ட டி-ஷர்ட் எப்படி? ஜல்லிக்கட்டு ஊர்க்காரன் கேட்கிறேன். (அலங்காநல்லூர் வாசகர்)

ப: அந்தக் காளை எந்த வாடிவாசலிலும் பிறக்கவில்லை. ஓஸ்போர்ன் கம்பெனியின் பிராந்தி விளம்பரத்துக்காக 1956-இல் மனோலோ பிரியெட்டோ என்ற ஓவியர் வரைந்தது. பிற்பாடு நெடுஞ்சாலை விளம்பரங்களுக்குத் தடை வந்தபோது பெயரை மட்டும் அழித்தார்கள், காளை நின்றது. 1997-இல் உச்ச நீதிமன்றமே 'நிற்கட்டும்' என்றுவிட்டது. குழந்தைக்குப் போட்டுவிடுங்கள். பாட்டியிடம் பிராந்திக் கதையைச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கே: நாங்கள் சுத்த சைவம். பிள்ளைகளுக்கு என்ன தின்பண்டம் வாங்கலாம்? (கும்பகோணம் வாசகி)

ப: கவனம்! எஸ்தெப்பா ஊரின் 'பொல்வொரோன்' பார்க்கச் சாதுவான மாவுருண்டை. வழக்கமாய் அதில் சேர்வது பன்றிக் கொழுப்பு. டப்பாவில் 'மந்தேக்கா தெ செர்தோ' என்றிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் உண்டு, தேடிப் பிடிக்கலாம். வாங்கினால் அவிழ்க்குமுன் காகிதத்தோடு உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்துங்கள்; இல்லையென்றால் பொலபொலவென்று மடியில் கொட்டும். வாய் நிறைய அதை அடைத்துக்கொண்டு 'பாம்ப்லோனா' என்று சொல்லிப் பார்ப்பது ஸ்பெயின் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விளையாட்டு. சுற்றி நிற்பவர்கள் ஒதுங்குவது நல்லது.

'துர்ரோன்' என்பது பாதாமும் தேனும். அலிகாந்தே வகை பல்லைச் சோதிக்கும், ஹிஹோனா வகை வாயில் கரையும். இரண்டிலும் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. உங்கள் மடிக்கு அதுவும் ஆகாது என்றால் மாட்ரிட் பக்கத்து அல்கலா தெ ஏனாரெஸில் சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் விற்கும். வாங்கிக்கொண்டு அப்படியே எழுத்தாளர் செர்வான்தெஸ் பிறந்த ஊரையும் பார்த்துவிட்டு வரலாம்.

கே: சுப்பா சுப்ஸ் ஸ்பெயின் மிட்டாயாமே? (தூத்துக்குடி வாசகர்)

ப: ஆமாம், 1958-இல் தொடங்கியது. பூப்போன்ற அந்த முத்திரையை 1969-இல் வடிவமைத்தவர் ஓவியர் சால்வதோர் டாலி. டாலியைப் பார்க்க ஃபிகேரஸ் மியூசியத்தில் டிக்கெட்; உங்கள் தெருப் பெட்டிக்கடையில் மிட்டாய் விலைதான். சுமந்துகொண்டு வராதீர்கள்.

கே: அண்ணன் மகளுக்குப் பல் விழும் வயது. பொருத்தமாக ஏதாவது? (தஞ்சாவூர் வாசகி)

ப: பெரெஸ் எலியின் குட்டிப் பெட்டி. 1894-இல் எட்டு வயது அரசன் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்குப் பல் விழ, அரண்மனை கேட்டுக்கொண்டு லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் எழுதிய கதையின் நாயகன் இந்த எலி. தலையணைக்கடியில் பல்லை வைத்தால் எடுத்துக்கொண்டு பரிசு வைக்கும். கதைப்படி எலி குடியிருந்த அரெனால் தெரு 8-ஆம் எண்ணில் இன்று மியூசியமே இருக்கிறது. நாம் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தோம். அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு எறியக் கூரையும் இல்லை, எலியையாவது நம்பலாம்.

கே: அதே அண்ணன் மகளுக்கு காஸ்டனெட் தாளக்கட்டை வாங்கினால்? (மீண்டும் அதே தஞ்சாவூர் வாசகி)

ப: நடனக்காரி படம் வரைந்த கடைச்சரக்கு 'டொக் டொக்' என்றுதான் சத்தம் போடும். நல்ல ஜோடியில் இரண்டும் இரண்டு சுருதி. கீச்சென்று ஒலிப்பது 'பெண்', வலக்கைக்கு. கட்டையான குரல் 'ஆண்', இடக்கைக்கு. கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டி விடிய விடியத் தட்டலாம். அது சரி, உங்களுக்கும் அண்ணிக்கும் ஏதாவது மனஸ்தாபமா?