டயருக்கு உன் செல்வாக்கு தெரியாது மாப்ளே

ஏம் மாப்ளே, பிக்கப் வண்டி எடுத்துட்டியாமே! கண்ணாடியில குலதெய்வம் பேரு, சுத்தி சீரியல் பல்பு, ரயிலே ஒதுங்கி வழிவிடற ஹாரன். எல்லாம் ஜோரு. பின்னால மட்டும் எவன் கார்லயோ ஓடின டயரை மாட்டியிருக்கே. சைசு ஒண்ணுதான், பாதி விலைக்கு முடிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்றியாம். கெட்டிக்காரன்!

கமிஷன் கடைத் துண்டுச் சீட்டை நாலு தரம் திருப்பிப் பாக்கறவன், டயர் கன்னத்தையும் ஒரு தரம் குனிஞ்சு பாக்கக் கூடாதா? சைசுக்குப் பக்கத்துல பொடியா ஒரு நம்பர் இருக்கும். 95ன்னா அந்த ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 106ன்னா 950, 108ன்னா 1,000, 112ன்னா 1,120. 106/104ன்னு ரெண்டு போட்டிருந்தா, முதல் நம்பர்தான் உன் வண்டிக்கு. அடுத்தது, பக்கத்துக்கு ரெண்டா ஜோடி போட்டு ஓட்டறவனுக்கு. கூடவே நிக்கற இங்கிலீசு எழுத்து வேகத்துக்கு. அதை நீ படிக்காம இருக்கறதே ஊருக்கு நல்லது.

இப்ப கணக்குக்கு வா. லோடு ஏத்தினா பாரம் பெரும்பாலும் பின்னாலதான் உக்காரும். பின் அச்சுல 2,000 கிலோன்னு வெச்சுக்க. ஆளுக்கு 1,000. நீ மாட்டினது 95. ரெண்டும் சேந்தே 1,380தான். மீதியை யாரு தூக்கறது, உன் மச்சானா? 108 போட்டாலும் தொட்டுக்கோ தொடச்சுக்கோதான். வளைவுல ஒரு பக்கமாச் சாயும், தக்காளிப் பெட்டி நடுவுல நிக்கறேன்னு சத்தியமா பண்ணியிருக்கு? 112 போட்டா மூச்சு விட இடம் இருக்கும்.

ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூட்டிட்டேன் மாமாங்கறே. பலே! வண்டி குனியாது, பாக்க நிமிந்து நிக்கும். டயருக்கு மட்டும் ஒரு கிலோ பலமும் கூடாது. ஆர்.சி. புக்குல போட்ட மொத்த எடையைத் தாண்டினா 20,000 ரூபா அபராதம், மிஞ்சின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அப்ப ஆபீசர் உன் ஸ்பிரிங்கைப் பாத்து மெடலா குத்துவாரு?

காத்தைக் குறைச்சா மெத்து மெத்துன்னு போகும்னு ஒருத்தன் சொன்னானாம். அந்த நம்பரெல்லாம் கம்பெனி சொன்ன காத்து இருந்தாத்தான் செல்லும். குறைஞ்சா கன்னம் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே சூடேறும். சித்திரை வெயில்ல, பழனி ரோட்டுல, முழு லோடோட அது வெடிக்கறப்ப அவனா வந்து ஜாக்கி போடுவான்? காலையில டயர் ஆறியிருக்கறப்பவே காத்து பாரு.

அதுக்காக ரோஷம் வந்து லாரி டயரை மாட்டிடாதே. ரிம்முக்கும் ஒரு தாங்கற அளவு உண்டு. காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், என் தங்கச்சி மக முன்சீட்டுல உக்காந்து உன்னையும் வையும், கட்டிக்கொடுத்த என்னையும் வையும்.

நாளைக்கு லோடு ஏத்தினதும் எடைமேடைக்குப் போ. முழு வண்டியை ஒரு தரம் எடை போடு. அப்புறம் முன்சக்கரத்தை மேடைக்கு வெளிய இறக்கிட்டு, பின்சக்கரத்தை மட்டும் இன்னொரு தரம். அந்தச் சீட்டை டயர் கடையில நீட்டு, நம்பர் தானா அமையும். எடைமேடைக்காரன் முணுமுணுப்பான். யார் மாப்பிள்ளைன்னு கேட்டா என் பேரை மட்டும் சொல்லிடாதே, அவனுக்கு நான் பழைய பாக்கி கொஞ்சம் வெச்சிருக்கேன்.