எஞ்சின் பூட்டிய சைக்கிள்: அமைச்சகத்தின் கனிவான கவனத்துக்கு

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சைக்கிளில் எஞ்சின் பூட்டி ஓட்டும் பொழுதுபோக்கு – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 2(28), 52, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதிகள் 2(யூ), 126.

எஞ்சின் பூட்டிய சைக்கிள் என்பது மிதித்தும் ஓட்டலாம், மிதிக்காமலும் ஓட்டலாம் என்ற வகையைச் சேர்ந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கார் வாங்க வசதியில்லாத நாடுகளில் இது பெருகியது. 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் சோய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். இத்தாலியில் டுகாட்டி நிறுவனம் இருசக்கர வாகனத் தொழிலுக்குள் வந்ததும் சைக்கிளில் மாட்டும் 48 சிசி குச்சோலோ எஞ்சின் வழியாகத்தான். பட்டறையில் தொடங்கும் கைவேலை இப்படித் தொழிற்சாலையாக வளர்ந்துவிடும் அபாயத்தைத் தடுக்க இந்தியச் சட்டத்தில் மூன்று அரண்கள் உள்ளன: கன அளவு, படிவம், மௌனம்.

முதல் அரண் கன அளவு. நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சினின் கொள்ளளவு 25 சிசியைத் தாண்டாவிட்டால் அது மோட்டார் வாகனமே அல்ல என்கிறது பிரிவு 2(28). புல்வெட்டும் கருவிகளில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்25 எஞ்சின் இந்தப் பிரிவைப் படித்துவிட்டுச் செய்தது போலவே இருக்கும். அதன் சிலிண்டர் விட்டம் 35 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தூரம் 26 மி.மீ. பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் விடை 25.01 சிசி. இந்த 0.01 சிசிக்கு நம்பர் பிளேட் தேவையா என்று தெளிவுரை வழங்குவது நலம்.

அதை மன்னித்துவிட்டால் அடுத்த நுட்பம் தெரியவரும். அந்த எஞ்சின் தரும் சக்தி சுமார் 720 வாட். அதற்குச் சட்டம் வேக வரம்பும் வைக்கவில்லை, எடை வரம்பும் வைக்கவில்லை. மின்சார சைக்கிளுக்கோ விதி 2(யூ) தனி அளவுகோல் வைத்திருக்கிறது: மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் நிற்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளிப் பிரதிபலிப்பான்களும் வேண்டும். இவையெல்லாம் இருக்கின்றன என்று பரிசோதனை நிறுவனம் ஒன்று சான்றளிக்கவும் வேண்டும். ஆக, புகைவிட்டுக்கொண்டு போகும் 720 வாட் வண்டி சைக்கிள். சத்தமில்லாமல் போகும் 300 வாட் வண்டி மோட்டார் வாகனம். சுற்றுச்சூழல் மீது இவ்வளவு அக்கறை வேறெந்தச் சட்டத்திலும் காணக் கிடைக்காது.

சைக்கிளுக்கென்றே விற்கும் சீன டூ-ஸ்ட்ரோக் கிட்டுகள் 25 சிசி வரம்புக்குள் வருவதில்லை. 40 மி.மீ. விட்டமும் 38 மி.மீ. ஓட்டமும் கொண்டது ஏறத்தாழ 48 சிசி. பெட்டியில் 80 சிசி என்று அச்சிட்டு வருவதை அளந்தால் 66 சிசிதான் தேறும். எஞ்சினை ஃபிரேமின் முக்கோணத்துக்குள், சீட்டுக் குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே இறுக்குவார்கள். பின்சக்கரத்தின் இடப்பக்கம் 44 பல் ஸ்ப்ராக்கெட்டை இருபுறமும் ரப்பர் வைத்து ஒன்பது போல்ட்டுகளால் ஸ்போக்ஸ் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார்கள். வேலையின் கடினமான இடம் இதுதான். ஸ்ப்ராக்கெட்டில் சிறு கோட்டம் இருந்தாலும் செயின் ஒரு சுற்றில் விறைக்கும், மறு சுற்றில் தொய்யும். கடைசியில் கழன்று கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தை அப்படியே நிறுத்திவிடும். ஆகவே கோட்டம் எடுப்பதிலேயே பாதிப் பொழுது போகும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பல் கணக்கு. எஞ்சினுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் சுழற்சியை 4.1 மடங்கு குறைக்கின்றன; வெளியே 10 பல்லிலிருந்து 44 பல்லுக்குப் போகும் செயின் மேலும் 4.4 மடங்கு குறைக்கிறது. மொத்தம் 18 மடங்கு. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 27 கி.மீ. கொடுக்கும். பின்னால் 36 பல் மாட்டினால் அதே சுற்றில் 33 கி.மீ. வரும், ஆனால் மேட்டில் இழுவை போய்விடும்.

டியூனிங் என்பது பெரும்பாலும் கார்புரேட்டரோடு நடக்கும் பேச்சுவார்த்தை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலிலேயே கலந்து போகிறது. புது எஞ்சினுக்கு 16 முதல் 20 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். பழகிய பின் 25 முதல் 32 பங்குக்கு ஒன்று. கார்புரேட்டரில் காற்றோடு சேரும் கலவையில் பெட்ரோல் மிகுந்தால் எஞ்சின் புகைந்து திணறும். குறைந்தால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டரில் என்ன நடக்கும் என்பது ஜெட்டின் துளையைப் பொறுத்தது. விடையைச் சொல்வது ஸ்பார்க் பிளக்: கறுப்பாக ஈரம் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பழுப்பாக இருந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதில் விதி. எந்த அரசிதழிலும் வராத இந்த விதியை இத்துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

இரண்டாம் அரண் படிவம். 25 சிசியைத் தாண்டியதும் சைக்கிளுக்கு மோட்டார் வாகனமாகப் பதவி உயர்வு கிடைக்கிறது. பதிவு செய்யப் படிவம் 20 வேண்டும். கூடவே விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22. சாலைத் தகுதிக்கு உற்பத்தியாளர் கையெழுத்துப் போட வேண்டும். சைக்கிள் கம்பெனி தான் செய்தது சைக்கிள் என்னும். எஞ்சின் கம்பெனி தான் செய்தது எஞ்சின் என்னும். இரண்டையும் சேர்த்து வண்டியாக்கியவரைச் சட்டம் உற்பத்தியாளராகக் காண்பதில்லை. தனக்குத் தானே விற்றுக்கொண்டதாகச் சான்று எழுதவும் அவருக்கு வழியில்லை. விதி 126-ன்படி முன்மாதிரி வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றால், இங்கே முன்மாதிரியும் கடைசி வண்டியும் ஒன்றே. பதிவான வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது பிரிவு 52. சைக்கிள் அப்போது மோட்டார் வாகனமாகவே இல்லாததால் மாற்றியது குற்றமில்லை. மாற்றிய பின் தெருவில் ஓட்டியதுதான் குற்றம்.

மூன்றாம் அரண் மௌனம். மணிக்கு 15 கி.மீ.யில் போகும் சைக்கிளை 35 கி.மீ.க்கு ஏற்றினால் பிரேக் கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. அதைப் பழைய கம்பி பிரேக்கின் இரண்டு ரப்பர் கட்டைகள், அதுவும் மழையில் நனைந்த ரிம்மில், தாங்கிப் பிடிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எஞ்சின் வாங்குவதற்கு முன்பே டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளைத் தேடுவது இதனால்தான். 25 சிசி விலக்கோ பிரேக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டம் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கிறது. சக்கரம் நிற்குமா என்று பார்ப்பதில்லை.

வேறு நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பிரிட்டனில் வீட்டில் செய்த ஒற்றை வண்டியையும் நேரில் கொண்டுபோய்க் காட்டி ஒப்புதல் வாங்க மோட்டார்சைக்கிள் ஒற்றை வாகன ஒப்புதல் என்ற முறை உண்டு. ஜப்பானில் 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு நகராட்சி அலுவலகமே நம்பர் பிளேட் தருகிறது.

எனவே அமைச்சகம் பெட்ரோல் சைக்கிளையும் மின்சார சைக்கிளையும் வேகம், சக்தி, பிரேக் என்ற ஒரே கோலால் அளக்க வேண்டும். வீட்டில் செய்த ஒற்றை வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரே பார்த்துச் சான்றளிக்க வழி செய்ய வேண்டும். அந்தச் சான்றின் முதல் கட்டம் பிரேக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். அதுவரை 25 சிசியைத் தாண்டிய சைக்கிளைச் சொந்த வளாகத்தின் மதிலுக்குள் மட்டும் ஓட்டுமாறு, செய்தவர்கள் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.